தக்கை பறந்த ஊர்வலம்

தமிழ்நாட்டோடு சேரக் கேட்டு நடந்த எல்லைப் போராட்ட ஊர்வலம் பாறசாலை கடைவீதிக்கு வந்தபோது மண்டையைப் பிளக்கும் வெயில். அத்தை கையில் தண்ணீர்க் குப்பி. முந்தின நாள் பதனீர் கொண்டுபோன குப்பி அது. அடியில் கிடந்ததைக் கொட்ட மனமில்லாமல், கழுவாமலே தண்ணீரை ஊற்றித் தக்கையால் இறுக்க மூடியிருந்தாள்.

“இனிப்பாட்டு இருக்குமாக்கும்” என்றாள்.

வெயிலில் அது புளித்துப் பொங்கி, போலீஸ்காரர்கள் முன்னால் டப்பென்று வெடித்துத் தக்கை பறந்தது. துப்பாக்கியென்று நாங்கள் தெற்கே ஓட, வெடிகுண்டென்று அவர்கள் வடக்கே ஓடினார்கள். அத்தை மட்டும் நடுரோட்டில் நுரை சொட்டச் சொட்டச் சிரித்தாள். திரும்பிப் பார்த்த நானும் மேலே ஓட முடியாமல் சிரித்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் திரும்பிவந்த ஏட்டு குப்பியை முகர்ந்து பார்த்தார்.

“அக்கா, நீங்க தமிழ்நாட்டோட சேந்தாலும் செரி, சேராட்டாலும் செரி, குப்பிய தெனமும் கழுவணும், கேட்டியளா!”