ஏழு நாளும் வேலை

எழுபதுகளில் நாங்கள் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தகரக்கூரை வீட்டில் குடியிருந்தோம். சரக்குக் கொட்டகையில் மூட்டை இறக்குவது அப்பாவின் தொழில். வேகன் வந்தால்தான் வேலை. வராவிட்டாலும் காலையில் போய் நிற்கவேண்டும். ஒருநாள் நிற்காதவர் பெயரை மேஸ்திரி வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடுவார். அதனால் அப்பா தினமும் காக்கிச் சட்டையும் தூக்குச்சட்டியுமாகக் கிளம்பிவிடுவார். வேலை கிடைத்ததா இல்லையா என்பது அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

அந்த வருஷம் நகரத்து ஏழைகளைக் கணக்கெடுக்க வருகிறார்கள் என்று பேச்சு வந்தது. வேலையில்லாதவர் பட்டியலில் சேர்ந்தால் தள்ளுவண்டி தருவார்களாம். யார் சொன்னார்களோ, தெருவே நம்பியது. அம்மா மாமல்லபுரம் கரையில் கருவாடு வாங்கிவந்து தலைச்சுமையாக விற்றுக் கழுத்துவலியோடு கிடந்தாள். வண்டி வந்தால் இருவரும் சேர்ந்தே விற்கலாம் என்று மனக்கோட்டை கட்டியிருந்தாள். "உள்ளத உள்ளபடி சொல்லிடுய்யா" என்று அப்பாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

கணக்கெடுக்க வந்தவருக்கு நாற்காலி இல்லை. கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, "போன வாரம் எத்தனை நாள் வேலை செஞ்சீங்க?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. லீவே போடாததற்காக அந்த மாதம்தான் டீச்சர் எனக்கு ஒரு பென்சில் பரிசு கொடுத்திருந்தார்.

"எங்கப்பா தெனம் வேலைக்குப் போவாரு சார்! லீவே போடமாட்டாரு!"

அப்பா என்னைப் பார்த்தார். "ஆமா சார். ஏழு நாளும்" என்றார்.

"வீட்டம்மா ஏதாவது வேலை செய்றாங்களா?"

"அது வூட்லதான் சும்மா கீது."

கருவாட்டுக் கூடை கணக்கெடுக்க வந்தவர் காலடியில்தான் இருந்தது. அவர் இரண்டு பதிலையும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அம்மா அப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டே நாள்தான் வேகன் வந்துச்சு. அத்த சொன்னா இன்னாய்யா கொறஞ்சி பூடும்?"

"புள்ள அவ்ளோ பெருமையா சொல்லிகினு கீது. அது எதிர்ல இல்லன்னு எப்டி சொல்றது?"

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா என்னை மெச்சியதாகவே நினைத்து நான் பூரித்துப்போனேன். மறுநாள் காலை அவர் கிளம்பும்போது, லீவு போடாத அவருக்கும் பரிசு வேண்டாமா என்று அந்தப் பென்சிலை அவர் சட்டைப் பையில் செருகினேன். சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்குச்சட்டியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். ஏற்கெனவே மூடியிருந்ததை எதற்கு அத்தனை நேரம் அழுத்துகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.