நாய்க்கு எழுதாத பதில்

என் தங்கை குணலட்சுமி பிறகு பண்டத்தரிப்பில் கணித ரீச்சரானாள். ஆனால் நான் சொல்ல வந்தது 1988இல், அவளுடைய பத்தொன்பதாவது வயதில், அவள் எழுதிய கம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி.

நான் எட்டாம் வகுப்போடு நின்று அச்சுவேலியில் சைக்கிள் கடை போட்டவன். எனக்கே அது விளங்கியது. திரையில் படம் இல்லை, எழுத்து மட்டும். நீங்கள் ஒரு வளவின் வாசல் படலையடியில் நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். இங்கிலிஷ் எழுத்தில் ‘கதவைத் திற’ என்று அடித்தால், சாவி கையில் இருக்கும்போது கதவு திறக்கும். வாளி இல்லாமல் கிணற்றடிக்குப் போனால், ‘எதாலை அள்ளப் போறாய்?’ என்று கேட்கும். அந்த வளவில் எதைத் தொட்டாலும் அது பதில் சொல்லவேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம்.

அது எங்கள் வீட்டு வளவுதான். அளவு எடுத்தவன் நான். படலையிலிருந்து கிணறு நாற்பத்திரண்டு அடி, கிணற்றிலிருந்து வாழை பதினேழு அடி. சதுரக் கொப்பியில் வடக்குக்கு அம்புக்குறி போட்டு, இடங்களுக்குச் சிவப்புப் பேனையால் இலக்கமிட்டேன். அடுத்த பக்கங்களில் அவள் பதில்களை எழுதினாள்.

கம்பியூட்டர் யாழ்ப்பாணத்தில் கனிசியஸ் மாஸ்டரிடம் இருந்தது. சனிக்கிழமைகளில் பத்திலிருந்து பன்னிரண்டு வரை அவளுக்குத் தருவார். ஒரு சனிக்கிழமை போகும் வழியில், இந்திய ஆமியின் காவலரணில் எங்கள் சைக்கிளை மறித்தார்கள். கொப்பியை விரித்த ஆமிக்காரர் தமிழ்நாட்டுக்காரர்.

“யாரு வீட்டு மேப்பு இது?”

“விளையாட்டு, சேர்,” என்றாள் குணம்.

“அடிக்கணக்குப் போட்டா விளையாடுவாங்க? இந்தப் பதினாலுல என்ன பொதைச்சு வச்சிருக்கீங்க?”

பதினான்காம் இலக்கம் வாழையடி. என் கையெழுத்து. பிடிபட்ட இருவர் மதிலோரம் வெயிலில் குந்தியிருந்தார்கள். அவர்களை ஏற்ற ஒரு ட்ரக் நின்றது. இவளையும் ஏற்றிவிட்டால் எங்கே போய்க் கேட்பேன்?

“அளந்தது நான், சேர். தங்கச்சியை விடுங்கோ.”

“நீ சும்மா நில்லு.” கொப்பியை அவள் பார்க்க முடியாதபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “விளையாட்டுதானே? சொல்லு. நான் கேட்டுக்கு வந்துட்டேன். உள்ள போறேன்.”

“படலை பூட்டியிருக்கு.”

“உடைக்கிறேன்.”

“உங்கடை கையிலை ஒண்டும் இல்லை.”

அவர் தோளில் தொங்கிய துவக்கை ஒருதரம் குனிந்து பார்த்தார்.

“சரி. சாவி எங்க?”

“பூச்சாடிக்குக் கீழை.”

விரலைக் கொப்பியில் வைத்துச் சரிபார்த்தார். “நேரா பதினாலுக்குப் போறேன். தோண்டுறேன்.”

“மண்வெட்டி இல்லாமல் ஏலாது.”

“அது எங்க?”

“கொட்டிலுக்குள்ளை. வாசல்லை நாய் படுத்திருக்கு, விடாது.”

“நாய்க்குச் சோறு போடுறேன்.”

அவர் பதிலைத் தேடி ஒரு பக்கத்தைப் புரட்டினார், இன்னொன்றைப் புரட்டினார். ஏதாவது சொல்லு பிள்ளை, பொய்யென்றாலும் சொல்லு என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

“அதுக்கு நான் எழுதேல்லை, சேர்,” என்றாள். “கல்லெறியிறதுக்கும் அதட்டுறதுக்கும்தான் எழுதினனான். சோறு போடுவினம் எண்டு நினைக்கேல்லை.”

“காவல் காக்கிற நாய்க்குக் கல்லா?” அவருக்கு உண்மையாகவே கோபம் வந்தது போலிருந்தது. “எங்க வீட்லயும் ஒண்ணு கெடக்கு. நாலு மாசமாச்சு பாத்து.”

நான் வரைந்த பக்கத்தைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தார். மிச்சக் கொப்பியை அவளிடம் நீட்டினார். “அளவெல்லாம் இங்கயே இருக்கட்டும். சோத்துக்கு ஒரு பதில் எழுதும்மா. போங்க.”

கனிசியஸ் மாஸ்டர் வீட்டை அடைந்தபோது பதினொன்றரை. இன்னும் அரை மணித்தியாலம்தான் இருந்தது. அவள் கம்பியூட்டர் முன்னால் இருந்தவுடன் நாய்க்குச் சோறு போடும் வரியை அடிக்கத் தொடங்கினாள்.

“வழி விடுமோ?” என்று கேட்டேன்.

“சாப்பிடும், அண்ணை. ஆனால் முதல் தரம் விடாது.”