சுவரில் மாட்டிய கல்யாணம்

சினிமாவில் நான் பெரும்பாலும் குடிகாரன். பெண்டாட்டியை அடிப்பேன், கதாநாயகனிடம் உதை வாங்குவேன், அதோடு என் வேலை முடிந்தது. தொண்ணூறுகளில் கோவில்பட்டித் தியேட்டர்களில் அந்தப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பெண் பார்த்தார்கள். கழுகுமலையில் ஒரு வீட்டில் காபி கொடுத்துவிட்டு, "தம்பி நெசமாவே குடிப்பியளோ?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. காபி, டீயைத் தவிர எதையும் தொடாதவன் நான். அதைச் சொன்னேன். சிரித்தார். பெண் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் போன வீடுகளில் காபிகூடக் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு படத்தில் நல்ல அண்ணன் வேடம் கிடைத்தது. வீட்டு செட்டின் சுவரில் மாட்ட ஒரு கல்யாணப் போட்டோ வேண்டுமென்று, ஒரு துணை நடிகையை என் பக்கத்தில் நிறுத்தி, மாலை போட்டு எடுத்தார்கள். அந்தப் பெண்ணின் பேரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. படம் பாதியிலேயே நின்றுபோனது. செட்டைப் பிரித்தபோது குப்பையோடு கிடந்த போட்டோவை எடுத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். பட்டு வேட்டியில் மாப்பிள்ளைக் களையோடு இருந்தேன். விட்டுவர மனசில்லை.

தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய் என்னை வளர்த்த அம்மா, வாசலில் நின்றாலே தெரிகிற சுவரில் அதை மாட்டிவிட்டாள். அடுத்த முறை நான் ஊருக்கு வந்தபோது பக்கத்து வீட்டுப் பெண், "மதினியைக் கூட்டிட்டு வரலியாண்ணே?" என்றாள். மெட்ராஸிலேயே அவசரக் கல்யாணம் முடிந்துவிட்டதாக அம்மா தெரு பூராவும் சொல்லியிருந்தாள். எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. வீட்டுக்குள் போய்க் கத்தினேன்.

"உனக்கு எப்பக் கல்யாணம்னு கேட்டுக்கிட்டே இருக்காளுவ. நான் என்னன்னுய்யா சொல்ல?"

போட்டோவைக் கழற்றக் கையைத் தூக்கினேன்.

"இருந்துட்டுப் போட்டும்யா" என்றாள். விட்டுவிட்டேன்.

வடபழனி அறையில் நான் என் ஒருத்தனுக்குச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருந்தேன். இங்கே ஊரில் என் குடும்பம் அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. மருமகளுக்குக் காய்ச்சல், மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லை என்று அம்மா ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கிறாள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் ஒரு கோடையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்தேன். எதிர்வீட்டு அத்தை போட்டோவைப் பார்த்துப் பொரிந்து தள்ளினார்.

"மாமியா செத்ததுக்குக்கூட வராதவ என்ன பொம்பள? ஒருநாளாவது இந்த வாசலை மிதிச்சிருப்பாளா? உங்கம்மைதான் கடைசி வரைக்கும் அவளை விட்டுக்குடுக்காமப் பேசுனா."

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். சொன்னால் நாளைக்குத் தெருவே அம்மாவைப் பற்றிச் சிரிக்கும். ஆனாலும் நான் சொல்லாததற்கு அதுமட்டும் காரணமில்லை. சுவரில் இருந்த பெண் திட்டு வாங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"அவளை ஒண்ணும் சொல்லாதீய அத்தை. நல்லவதான்" என்றேன். அம்மாவைத் தூக்கும்போது வராத அழுகை அப்போது வந்தது.

அத்தை பதறிப்போய் என் தலையைத் தடவினார். "சரிய்யா, சரிய்யா. காரியம் முடிஞ்சதும் அவகிட்டப் போயிரு. இங்கன தனியாக் கெடக்காத."

சரியென்று தலையாட்டினேன்.