ஊதா அடி நாற்றுகள்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில் பத்து பெரெண்டாம் என்ற ஊரின் நெல் ஆராய்ச்சி வயலில் நாற்றுப் பிரிக்கும் வேலை பார்த்தேன். தினக்கூலிதான். குலைநோய்க்குத் தப்பும் நெல்லைக் கண்டுபிடிப்பதற்காகவே அந்த வயலை வைத்திருந்தார்கள். நோய் பிடித்த பயிரை ஒரு பாத்தி முழுக்கப் பரப்பி, நடுவில் புது நாற்றுகளை நட்டு, எது பிழைக்கிறது என்று பார்ப்போம். அதற்கே ஒரு போகம் போய்விடும்.

மூன்று போகம் குனிந்து பார்த்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. அடித்தாள் ஊதாவாக இருந்த நாற்றுகள்தாம் பெரும்பாலும் பிழைத்தன. அப்படியானால் நாற்றங்காலிலேயே நிறம் பார்த்துப் பொறுக்கிவிடலாம். இதைச் சொன்னால் வேலை நிரந்தரமாகும் என்று நம்பி, வயல் பதிவேடு எழுதும் கிராணியிடம் போய்ச் சொன்னேன்.

"அட, நல்ல கண்ணும்மா உனக்கு!" என்றார். அடுத்த மாதமே அது அவருடைய கண்டுபிடிப்பாக, வயலை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் மேசைக்குப் போயிருந்தது. சீமைக்குக் கிளம்பும் முன் துரை அவரை வயல் அதிகாரியாக்கிவிட்டுப் போனார். எனக்கு அவர் என்றும் கிராணிதான். என் வேலையைப் பற்றிக் கேட்டேன்.

"நாத்துப் புடுங்குறதுக்கு நிரந்தரம் எதுக்கும்மா?" என்று சிரித்தார்.

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். நிறமும் நோய் தாங்கும் குணமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். சில நாற்றுகளில் பிரிந்துவிடும். ஆகவே ஊதாவைப் பொறுக்கிய பிறகும் நோய்ப் பாத்தியில் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். அவரோ அவசரத்தில் அந்தப் பாத்தியையே மூடச் சொன்னார். நான் வாயில் கொழுக்கட்டை வைத்தவள்போல் இருந்தேன். அதோடு விட்டேனா? ஊதாவாக இருந்தும் எந்த வரிசை முன்பு நோயில் விழுந்தது என்று தெரிந்தும், அந்த வகை நாற்றைத்தான் முதலில் கட்டுக்கட்டாக முடி கட்டி நடவுக்குக் கொடுத்தேன்.

கதிர் வந்ததும் வயல் முழுக்கக் கழுத்து ஒடிந்து, பதராய் வெளுத்துப் போயிற்று. புதிதாக வந்த மலாய் அதிகாரி பார்வையிட வந்தார். கிராணி என்னை நோக்கிக் கை நீட்டினார்.

"இது நான் கண்டுபிடிச்சது இல்ல துவான். எல்லாம் இந்தப் பொம்பள சொன்னது."

"ஆமா துவான், என்னுதுதான்," என்றேன். "எங்க தப்பு வரும்னும் எனக்குத் தெரியும். இவரு கேக்கல, நானும் சொல்லல."

அன்றைக்கே இருவரையும் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். டவுனுக்கு ஒரே பஸ். அவர் முன்னால் உட்கார்ந்தார், நான் பின்னால். தலை தொங்கிப்போன அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டே டவுன் ஓரத்துக் காஜா பெராங் வரை வந்தேன். அவ்வளவு சுகமான பயணம் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை.