பதினோராவது காம்பரா

இது நடந்த கதை. பிரேமினி வாயாலேயே கேட்டேன். நம்பாதவர்கள் ராகலை பஸ் ஏறிப் போய் அவளையே கேட்டுக்கொள்ளலாம். அவள் யாருக்கும் பயந்து பேசுகிறவள் இல்லை.

பிரேமினி கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைகிறவள். ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருந்து இப்போது ஆளில்லாத பழைய லயத்தை ஹோட்டலாக்கப் போகிறார்கள். லயத்தை ஒட்டிய மண்மேட்டை வெட்டி நீச்சல் குளமாம். எல்லாவற்றையும் அளந்து முப்பரிமாணப் படமாகத் தர வேண்டும். அவளும் லயத்தில் பிறந்தவள்தான். அந்த வேலையே அவளுக்குக் கசந்தது.

பின்னேரம் 3.10. வெளியே பனிமூட்டம். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, அதுதான் காம்பரா; மண்மேட்டை ஒட்டிய கடைசிக் காம்பராவில் தூரம் அளக்கிற லேசர் கருவியை வைத்தாள். சிவப்புப் புள்ளி எதிர்ச் சுவரில் விழுந்தது. கருவி இருபத்து நாலு அடி என்றது.

நாடா பிடித்து அளந்தாள். பன்னிரண்டு.

மறுபடி லேசர். இருபத்து நாலு... சுவருக்கு அப்பால் வெறும் மண்மேடு.

கருவியைத் திட்டிக்கொண்டே மடிக்கணினியைத் திறந்து, பன்னிரண்டு என்றே வரைந்தாள்.

3.42. படத்தைச் சுழற்றிப் பார்த்தாள். அவள் வரைந்தது பத்துக் காம்பரா. திரையில் பதினொன்று.

கடைசியை அழித்தாள். திரும்ப வந்தது. இப்போது அதற்கு ஒரு கதவும் இருந்தது.

அழித்தாள். கதவோடு ஓர் அடுப்பு.

அழித்தாள்... தரையில் ஐந்து கட்டங்கள். பாய் அளவு.

சுவருக்குள்ளிருந்து சத்தம். சரக்... சரக்... பேப்பரில் பென்சில் இழுக்கிற மாதிரி.

பயந்துகொண்டே சுவரில் காதை வைத்தாள்.

போன் அடித்தது. முதலாளி மேர்வின். நடந்ததைச் சொன்னாள். அவர் சிரித்தார்.

"அழிச்சிட்டு அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க. வெறும் மண்ணுன்னு போடுங்க. நாளைக்கு மண்ணு வெட்டுற மெஷின் வருது."

சரக்... சரக்...

பயம் போய் அவளுக்குக் கோபம் வந்தது.

"அழிக்க மாட்டேன் சார். இங்க யாரோ இருக்காங்க."

வேலை போய்விடும் என்றார்.

"போகட்டும்."

சத்தம் நின்றது.

4.55. பதினோராவது காம்பராவோடு படத்தை, கட்டட அனுமதி கொடுக்கிற பிரதேச சபைக்கே அனுப்பிவிட்டாள். தோண்டிப் பார்க்காமல் அனுமதி இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். அவள் வேலையும் போயிற்று.

தோண்டினார்கள். பன்னிரண்டு அடிக் காம்பரா. அடுப்பு. ஐந்து பேருடைய எலும்புகள். 1986இல் மண் சரிந்து அந்தக் காம்பரா புதைந்தபோது, தோட்டத்துப் பதிவில் அவர்கள் பேர் இல்லையாம். அதனால் ஆள் குறையவில்லை என்று தோட்டத்தை நடத்திய துரை எழுதிவிட்டார். லயத்துச் சனம் அழுது கேட்டும் தோண்டவில்லை. அந்தச் சனத்தையும் வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

மண்ணுக்குள் ஒரு தகரப் பெட்டி. அதில் பள்ளிக்கூடக் கொப்பி. வீட்டை அளந்து படம் வரையச் சொன்ன பாடம். கதவு, அடுப்பு, ஐந்து பாய். அளவு ஓர் அங்குலம் பிசகவில்லை. மேலே பெயர்... ஜீவராணி.

பிரேமினி தன் கம்ப்யூட்டர் படத்தைத் திறந்தாள். எதை யார் வரைந்தது என்று அது தானாகவே பதிந்து வைக்கும். பத்துக் காம்பராவுக்கும் அவள் பெயர்.

பதினோராவதற்கு... ஜீவராணி.

அதை அவள் இன்றுவரை அழிக்கவில்லை. எவன் சொன்னாலும் அழிக்க மாட்டாளாம்.