கோராவின் வனிலா சனிக்கிழமைகள்

வென்டெல் ஹாஸ்கின்ஸ் லிஃப்ட் மெக்கானிக். வாஷிங்டனில் எந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்றாலும் போய்க் கதவைத் திறந்து ஆட்களை வெளியே எடுக்கிற வேலை. திறப்பதற்கு முன் இடுக்கில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்" என்பார். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள்கூட அந்தக் குரலுக்கு அடங்கிவிடுவார்கள்.

அவர் வீட்டு மாடியறையில் நான் வாடகைக்கு இருக்கிறேன். அயோவாவின் சோளக்காட்டு ஊர் ஒன்றிலிருந்து வந்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் பட்டத்தைச் சுவரில் மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தவர் அவர்தான். "கோணலா இருக்கு அயோவா, உன் படிப்பெல்லாம் கீழ ஒழுகுது பாரு" என்றார். அன்றிலிருந்து என் பெயரே அயோவா.

விவாகரத்துத் தீர்ப்புப்படி ஒன்று விட்டு ஒரு சனிக்கிழமை அவருடைய மகள் கோரா அவரோடு இருப்பாள். சின்னப் பெண்ணாக அவள் முதன்முதலில் வந்தபோது என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கப்கேக் கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறார். "இதைவிட நல்லது வேற கடைல இருக்குமாப்பா?" என்று அவள் கேட்டாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் வருகிற சனிக்கிழமையெல்லாம் கடை கடையாக அலைச்சல்.

எங்கே போனாலும் வெறும் வனிலாதான் வாங்குவார். சாக்லேட்டுக்குள் எந்தத் தப்பையும் ஒளித்துவிடலாம், வனிலாவில் முடியாது என்பார். அடிப்பாதியைப் பிய்த்து க்ரீமின் மேல் கவிழ்த்து, சாண்ட்விச் மாதிரி அமுக்கித் தின்ன வேண்டும். பிறகு தீர்ப்பு. ஜார்ஜ்டவுன் கடையில் வரிசைதான் பிரமாதம், கேக் வறட்டி. கேபிடல் ஹில் கடை வெண்ணெய்க்குப் பதிலாக எதையோ போடுகிறது, மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டுகிறது. மூன்றாவது நாக்கு வேண்டுமென்று என்னையும் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார்.

இந்த வசந்தத்தில் அவருக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வென்டெல் மாடிப்படியில் என்னை மடக்கினார்.

"கோராகிட்ட மூச்சு விடாதே."

"அப்போ கேக்கை விடலாமே?"

"விட்டுட்டு அவகிட்ட என்னத்தப் பேசறது? லிஃப்ட் கம்பியப் பத்தியா? அடுத்த மாசம் அவளுக்குப் பதினாலு. அதுக்கப்புறம் வர்றதும் வராததும் அவ இஷ்டம்னு அவங்கம்மா சொல்லிட்டா. இப்பப் போய் கேக்கை நிறுத்தச் சொல்றியே!"

அதே வாரம் அவர் பார்க்கிங் தேடிப் போயிருந்தபோது கோரா தன் பங்கை என் கையில் திணித்தாள். "நீயே தின்னு. க்ரீம் வாசனையே குமட்டுது."

"அப்பாகிட்ட சொல்லேன்."

"அந்த மூஞ்சி தொங்குறத நீ பாத்ததில்ல. நீ சொன்னே, செத்தே."

இருவருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு நடுவில் நான் தின்றுகொண்டிருந்தேன்.

பிறந்தநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. நகரத்துக்குள் கடைகள் தீர்ந்துவிட்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம், அலெக்ஸாண்ட்ரியாவில் புதுக்கடை ஒன்று இருப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். பாலத்தின் நடுவில் போக்குவரத்து நின்றுவிட்டது. முன்னால் லாரி, பின்னால் பஸ், இரண்டு பக்கமும் தண்ணீர். கோரா கைதுடைக்கும் காகிதம் எடுக்க டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். எப்போதும் அங்கேதான் இருக்கும். அதோடு சேர்ந்து கறுப்புப் பை ஒன்று மடியில் விழுந்தது. ஊசி, சோதனைப் பட்டை, சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின்.

"இது யாரோடது?"

வென்டெல் கட்டைவிரலால் பின்சீட்டைக் காட்டினார். "அயோவாவோடது. பாவம்."

கோரா திரும்பினாள். "சுகரை வச்சுக்கிட்டா போன தடவை என் பங்கையும் சேத்து முழுங்கினே?"

வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோமென்று அவளுக்கே உறைத்தது.

"உன் பங்கையா?" என்றார் வென்டெல், ரோட்டைப் பார்த்தபடி.

நான் ஜன்னலை இறக்கினேன், பஸ்ஸின் புகை உள்ளே வந்தது, ஏற்றிவிட்டேன். இறங்கி நடந்துவிடலாமென்றால் பாலத்தில் நடைபாதைகூட இல்லை. கார் நகர ஆரம்பித்ததும் அவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்; திரும்பவில்லை. திரும்பலாமென்று அவளும் சொல்லவில்லை. அலெக்ஸாண்ட்ரியா கடையில் கயிறு கட்டிய வரிசையில் ஒருவர் பின்னால் ஒருவராக நின்று, மூன்று வனிலா வாங்கி, மேஜையில் வைத்தோம். யாரும் தொடவில்லை. க்ரீம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

வென்டெல் குனிந்தார். கதவிடுக்கில் பேசுகிற அந்தக் குரல் வந்தது.

"பயப்படாதே. நான் இங்கதான் இருக்கேன். சொல்லு."

"எனக்குப் பிடிக்கலப்பா. ரொம்ப நாளாவே."

"சரி."

"அந்தப் பை உன்னோடதுதானே?"

"ம்."

"தெரிஞ்சே தின்னியா? லூசாப்பா நீ?"

அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. அடுத்த தடவை வருவாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. அவள் எழுந்தாள். "உப்பா ஏதாவது வேணும்."

முக்குக் கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி வினிகர் தெளித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"பரவால்ல. கொஞ்சம் நமுத்திருக்கு."

"நமுத்திருக்கா?" அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "ஆர்லிங்டன்ல ஒருத்தன் ரெண்டு தடவை பொரிக்கிறானாம்..."

"அய்யோ அப்பா! ஆரம்பிக்காதே!"

பிறந்தநாள் கழிந்தது. அடுத்த முறைக்குரிய சனிக்கிழமை காலையிலிருந்து வென்டெல் ஜன்னலை விட்டு நகரவில்லை. காரைக் கழுவியாகிவிட்டது. "போன் பண்ணிப் பாருங்களேன்" என்றேன். "அவ இஷ்டம்னு சொன்னப்புறம் எப்படிடா பண்றது?" என்றார்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோராவை அவள் அம்மா வாசலில் இறக்கிவிட்டுப் போனாள். ஒரு ஹலோகூடச் சொல்லாமல் கோரா நேராகப் போய் அப்பா காரின் முன்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினாள். "ஒரு கடைதான். புரியுதா? ஊரெல்லாம் சுத்த முடியாது."

"ஒண்ணே ஒண்ணு" என்றார் வென்டெல். ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டார்.

அவள் டாஷ்போர்டு அறையைத் திறந்தாள். காகிதத்தை ஒதுக்கிவிட்டுக் கறுப்புப் பையை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"வண்டிய அப்புறம் எடு. மொதல்ல விரலக் குத்து."