ஓடையோரத்து முருங்கை

என் கணவர் நடத்திய தோட்டத்தை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதன் எந்தச் சரிவில் தேயிலை, எந்த மேட்டில் காப்பி, எந்தத் தொழிலாளர் லயத்துக்கு இன்னும் குடிநீர்க் குழாய் போகவில்லை என்று எப்போது கேட்டாலும் யோசிக்காமல் சொல்வேன். தோட்டம் ஆப்பிரிக்காவில், மலாவியின் தெற்கு மலைகளில் இருக்கிறது. நான் இருப்பது துபாய் அல் கூஸில், ஒரு தேயிலைக் கிடங்கின் மாடியில், ஏசிக் காற்று நேராகத் தலையில் அடிக்கும் ஒரு மேசையில்.

எங்கள் முதலாளி கீழக்கரைக்காரர். தேயிலையும் காப்பியும் வாங்கிக் கலந்து, பாக்கெட் போட்டு, வளைகுடா முழுக்க விற்பவர். தோட்டத்தை வாங்கியது பிற்பாடுதான். வாங்கிய கையோடு அதற்குச் சான்றும் வாங்கினார். காட்டையும் தண்ணீரையும் கெடுக்காமல், வேலையாட்களை ஏய்க்காமல் விளைவித்தது என்று வெளியாட்கள் வந்து சோதித்துக் கொடுக்கும் முத்திரை அது. பாக்கெட்டில் அது இருந்தால்தான் பெரிய கடைகள் ஏறெடுத்துப் பார்க்கும். நான் கோயம்புத்தூரில் விவசாயம் படித்தவள் என்பதால் அந்த வேலை என்னிடம் வந்தது. வால்பாறையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த என் கணவரை மானேஜராக அனுப்பினார்கள். அவர் அங்கே நடத்துவார், ஒழுங்காக நடக்கிறதா என்று நான் இங்கிருந்து பார்ப்பேன்.

"வீட்ல பண்றதத்தான் ஆபீஸ்லயும் பண்றீங்க, இங்க அதுக்கு சம்பளம் வேற" என்பார் பேக்கிங் சூப்பர்வைசர். கிடங்கே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

காலையில் மகளை ஷார்ஜாவில் பள்ளி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நெரிசலில் ஊர்ந்து அல் கூஸ் வந்து சேர்வதற்குள் அவரிடமிருந்து படங்கள் வந்து குவிந்திருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரெச், மருந்து அடிப்பவர்களின் பூட்ஸ், காப்பிப் பழம் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் குழி. ஒருநாள் மருந்து அடிப்பவர் ஒருவரின் படம் வந்தது.

"மாஸ்க் தாடைல இருக்குங்க. மூக்குல போடச் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

"சரிங்க மேடம்" என்று பதில் வந்தது. அடுத்த படத்தில் மாஸ்க் போட்டு நின்றவர் என் கணவரே. எனக்குக் கோபமும் சிரிப்பும் வந்தது.

தோட்டத்தின் நடுவே ஓர் ஓடை போகிறது. சான்றின் விதிப்படி அதன் இரு கரையிலும் ஒரு பட்டை நிலத்தை மரத்துக்கென்று விட்டுவிட வேண்டும். உரம் போடக் கூடாது, மருந்து அடிக்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. எல்லை தெரிவதற்கு வெள்ளையடித்த கம்பங்கள் நட்டிருப்பார்கள். கம்பத்துக்கு அந்தப் பக்கம் போனால் கைத்தெளிப்பானைக்கூட இறக்கி வைத்துவிட வேண்டும். மானேஜர் பங்களாவின் சமையலறைக் கதவைத் திறந்தால் கொஞ்ச தூரத்திலேயே அந்தக் கம்பங்கள் வந்துவிடும்.

அந்தப் பங்களாவில்தான் நாங்கள் மூவரும் வாழ்வதாக இருந்தது. அடுத்த சோதனை நல்லபடியாக முடிந்ததும் குடும்பத்தை அழைத்துக்கொள்ளலாம், நான் அங்கிருந்தே சான்று வேலையைப் பார்க்கலாம் என்று முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். மகளுக்கு ஷார்ஜாவில் மணற்காற்று எழும்போதெல்லாம் மூச்சு இழுக்கும். மலைக்காற்றில் சரியாகிவிடும் என்று அவர் சொல்வார். நான் ஆமாம் என்பேன். மறுநாளே மலேரியாவைப் பற்றிக் கேட்பேன். அவர் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்தார். பாம்பைப் பற்றிக் கேட்டேன். சுற்றிலும் புதரை வெட்டித் தரையைச் சுத்தமாக்கினார். டாக்டர் எவ்வளவு தூரம் என்றேன். வண்டியில் போய்ப் பார்த்து, டாக்டரம்மா கையசைக்கும் வீடியோவே அனுப்பினார். கேட்டுக் கேட்டு என்னிடம் கேள்வி தீர்ந்தபோது பயம் மட்டும் மிச்சமிருந்தது. ஆனாலும் பள்ளியில் டிசி கேட்டு எழுதிக் கொடுத்தேன். மூவரும் படுக்கிற அளவில் பெரிய கொசுவலை ஒன்று வாங்கிப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

அங்கே போன புதிதில் அவர் ஒரு முருங்கைக் கொம்பை எங்கிருந்தோ கொண்டுவந்து சமையலறைக்குப் பின்னால் ஊன்றியிருந்தார். மகளுக்கு ரத்தம் குறைவு, நான் தினமும் முருங்கைக்கீரையில் சூப் வைப்பேன், அதற்காக. அது வெள்ளைக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். மரம்தானே, ஓடைக்கரையில் மரம் இருப்பதைத்தானே விதியும் கேட்கிறது என்று விட்டுவிட்டேன். அது கிடுகிடுவென வளர்ந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வீடியோ காலில் மகளுக்கு அந்த மரத்தைக் காட்டினார்.

"அப்பா, இஸ் தட் அவர் ட்ரீ?"

"ஆமா கண்ணு, உன்ற மரந்தான். வந்து ஊஞ்சல் கட்டி ஆடு. அம்மா சூப் வெச்சுத் தருவா."

"நோ சூப்!"

போன் அடிமரத்துக்கு இறங்கியபோது நான் பார்த்துவிட்டேன். பட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ரோமம் அடைந்தது போல் கம்பளிப்பூச்சிகள் அப்பிக் கிடந்தன. முந்தின லீவில் கோயம்புத்தூரில் இருந்தபோது ஒரே ஒரு கம்பளிப்பூச்சி மகளின் கழுத்தில் விழுந்து, முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

"ஏனுங்க, அத என்னன்னு பாத்தீங்களா? பாப்பாவுக்கு ஆகாதுன்னு தெரியுமில்ல?"

"பாத்துட்டேன் பாத்துட்டேன். நீ வர்றதுக்குள்ள ஒண்ணுகூட இருக்காது."

"மரத்தையே வெட்டிருங்க."

"காய்க்கற மரத்த வெட்டச் சொல்றியே? நான் பாத்துக்கறேன் விடு."

ஊரில் என்றால் தீப்பந்தம் காட்டிக் கருக்கிவிடுவார்கள். ஓடைப் பட்டையில் தீ கூடாது. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருக்கிறார். விழுந்தவை மறுபடி ஏறிக்கொண்டன. தோட்டத்து மருந்து அறையில் இருப்பதைத் தொட்டால் கணக்கில் வந்துவிடும். அதனால் டவுன் சந்தையில் ஒரு சின்னப் பூச்சிமருந்துப் பாட்டிலை வாங்கி வந்து, துணிக்குத் தண்ணீர் தெளிக்கும் பம்பில் கலந்து, மரத்தைச் சுற்றி அவரே அடித்துவிட்டார். ஒரு தோட்டத்துக்கே மாஸ்க் போட்டுக்காட்டிப் பாடம் நடத்தியவர் அவர். இது தோட்டமில்லை, வீடு, நம் கொல்லை என்று அந்த நேரத்தில் நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அந்த வாரமே சோதிக்க வந்தார்கள். வந்தவர் ஒரு பெண்மணி. லயங்கள், கிரெச், காப்பி கழுவும் இடம் எல்லாம் பார்த்துத் திருப்தியாக, கடைசியில் ஓடைக்கரையோரம் நடந்து வந்திருக்கிறார். முருங்கைக்கு அடியில் செத்த பூச்சிகள் தரையிலும் தண்ணீர் ஓரத்திலும் கிடந்திருக்கின்றன. குனிந்து மண்ணை எடுத்து மோந்து பார்த்திருக்கிறார்.

நான் கிடங்கில் டீ ருசி பார்க்கும் அறையில் இருந்தபோது என் கணவரிடமிருந்து போன் வந்தது. வரிசையாகக் கிண்ணங்கள் வைத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வெளியே வராந்தாவுக்கு வந்தேன்.

"கண்ணு, ஒரு தப்பு நடந்து போச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார்.

"யாரு அடிச்சாங்கன்னு கேட்டாங்களா?"

"பங்களாத் தோட்டக்காரன் பக்கத்துல வாளியோட நின்னுட்டிருந்தான். அந்தம்மா அவனத்தான் பாத்துக் கேட்டுது. அவன் என்னையப் பாத்தான். நான் அடிச்சேன்னு சொல்லிட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை இன்றுகூட என்னால் எழுத முடியவில்லை. "நீங்களேவா சொல்லணும்? தெரியலைன்னு சொல்லியிருக்கலாமில்ல? விசாரிக்கிறேன்னாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"விசாரிச்சா அவன் தலைலதான் வந்து விழும். அவனோட ரெண்டு புள்ளைங்களும் கிரெச்சுலதான் இருக்குது. நீதான் தெனம் போட்டோல பாக்கறயே, தொப்பி போட்டுட்டு நிக்குமே, அதுக."

அந்தக் குழந்தைகளை எனக்குத் தெரியும். கிரெச்சில் பால் கொடுக்கிறார்களா என்று நான் பார்க்கும் படங்களில் எப்போதும் முன்வரிசையில் நிற்பார்கள். தெரிந்தும் என் மனம் ஆறவில்லை. நம் குழந்தையை நினைத்தீர்களா என்று கேட்டுவிட்டு போனை வைத்தேன். அவர் நினைத்ததால்தானே இதெல்லாம் நடந்தது என்பது லிஃப்ட்டில் ஏறும்போது உறைத்தது. திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

முதலாளி மறுநாள் தம் அறைக்குக் கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். அவர் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே மெதுவாகப் பேசினார்.

"உக்காருங்கம்மா. உங்க வூட்டுக்காரரு நல்ல மனுசரு. அதுல எனக்கு சந்தேகமே இல்ல. பொய் சொல்லத் தெரியாத மனுசர வச்சு யாவாரம் பண்ண எனக்குத்தான் தெரியல."

"அவருக்கு ஒரு சான்ஸ்..."

"சான்ஸ் நாங் குடுப்பேன்மா. முத்திர குடுக்குறவன் குடுக்கணுமே. மானேஜரே வெலக்குன எடத்துல வெலக்குன மருந்த அடிச்சா, அப்புறம் ஆளுக அடிச்சா யாரு கேக்குறது? இப்பிடித்தான் அந்தம்மா எழுதியிருக்கு. சரி பண்றதுக்குத் தவண குடுத்திருக்கு. என்ன பண்ணப் போறோம்னு எழுதிக் குடுத்தா முத்திர தங்கும். இல்லன்னா கலாஸ், முடிஞ்சுது."

"எழுதிக் கொடுக்கிறேன் சார்."

"மரத்த எடுக்கணும். அந்த எடத்துல காட்டுக்கன்னு நடணும். அப்புறம்..." மணி நின்றது. "மானேஜர மாத்துறோம்னும் எழுதணும்மா. நீங்களே எழுதிருங்க. வேற ஆரு எழுதுனாலும் சரியா வராது."

மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். ராஜினாமா செய்துவிட்டு எழுந்து போகும் பெண்கள் இருப்பார்கள். நான் எழுந்து போனால் என் விசா போகும், என் விசாவில் இருக்கும் மகளுடையதும் போகும். அவருக்கு வேலை இல்லை என்று ஆனபின் எனக்கும் இல்லை என்றால் மூவரும் ஊருக்குப் போய் எதைத் தின்பது? இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்வதும் சரியில்லை. வேலை என்று ஒன்றைக் கொடுத்தால் ஒழுங்காகச் செய்து முடிப்பது என் சுபாவம். செய்தேன். என் கணவரை நீக்கும் வாசகத்தை மூன்றாவது இடத்தில் வைத்தேன். முதலிடத்தில் வைக்கக் கை வரவில்லை.

அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லா எழுதியிருக்க. பொறுப்பாளர் யாருன்னு ஒரு எடத்துல போட விட்டுப் போச்சு பாரு" என்றார். போட்டுக்கொண்டேன்.

விசிட் விசாவில் ஷார்ஜா வந்து சில வாரங்கள் இருந்தார். தொழில்பேட்டையில் கிடங்கு கிடங்காக ஏறி இறங்கினார். எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள். தேயிலைச் செடியைத் தெரிந்தவருக்கு மணல் ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? கடைசியில் கிடைத்ததும் ஆப்பிரிக்காதான், வேறொரு நாடு, இதைவிட உள்ளடங்கிய மலை. தங்க ஓர் அறை. குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்று எடுத்தவுடனேயே சொல்லிவிட்டார்கள்.

அவருக்காகப் பெட்டியை அடுக்கும்போது அடியில் அந்தக் கொசுவலை வந்தது. தனியாள் வலை ஒன்று வாங்கி வருகிறேன் என்றேன்.

"இருக்கறத விட்டுட்டு எதுக்கு? மூணு பேர் வலைக்குள்ள நான் ஒருத்தன் நல்லா உருண்டுக்கறேன்" என்றார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பிறகு அவரும் சிரிக்கவில்லை.

மகளுக்குப் பள்ளியில் மறுபடி இடம் கேட்டு வாங்கினேன். மணற்காற்று வந்த வாரம் அவளுக்கு மறுபடி இழுத்தது. நெபுலைசரை மூக்கில் பிடித்துக்கொண்டு, வலை அடித்த அந்த ஜன்னல்களை நினைத்துக்கொண்டிருந்தேன். போயிருந்தால் அங்கே வேறு ஏதாவது வந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அன்று மரத்தைக் காட்டியபோது நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என்றும் தோன்றியது. பூச்சி அவள் மேல் விழுந்திருந்தால் என்றும் உடனே தோன்றியது. இந்தக் கணக்கை எந்தப் பக்கமிருந்து போட்டாலும் எனக்கு முடிவதில்லை.

சான்று தங்கிவிட்டது. முதலாளி கிடங்கில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். என் தட்டில் தாமே ஒரு கரண்டி அதிகம் வைத்தார்.

புது மானேஜர் ஓடைக்கரையின் படத்தை அனுப்பிக்கொண்டிருக்கிறார். சொன்ன வேலை முடிந்ததா என்று பார்த்து நான்தான் ஒப்புதல் கொடுக்க வேண்டும். போன வாரம் வந்த படத்தில் காட்டுக்கன்றுகள் சரியான இடைவெளியில் நின்றன. வெள்ளைக் கம்பத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பின்னால் பங்களாவின் சமையலறை ஜன்னலில் என் கணவர் அடித்த வலை இருந்தது. அதற்குள்ளே யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

கன்றுகளைப் பார்ப்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கினேன். வெட்டிய முருங்கையின் அடிக்கட்டையில் பச்சையாக நான்கைந்து கொழுந்து விட்டிருந்தது. முருங்கை அப்படித்தான், வெட்டினால் துளிர்க்கும். சூப் வைக்கத் தோதான இளங்கீரை.

மரம் முழுதாக அகற்றப்பட வேண்டும் என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அடுத்து வருகிறவர்கள் இதைப் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் படத்தை மூடிவிட்டு வேறு வேலை பார்த்தேன். கீழே பேக்கிங் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளி பஸ் வரும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. மறுபடி திறந்து, அடிக்கட்டை துளிர்க்கிறது, வேரோடு தோண்டி எடுத்துவிட்டுப் படம் அனுப்பவும் என்று புது மானேஜருக்கு அனுப்பினேன்.

"ஓகே மேடம்" என்று பதில் வந்தது.